இருநூற்றுப் பதின்மூன்றாவது மேற்கோள்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் விளக்கினான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். ஆணிகளில் இரண்டு கோப்பைகள் தொங்கின. ஒன்றை எடுத்துக் கழுவி டீ ஊற்றினான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அங்கேயே கிடந்த மனைவியின் மடிக்கணினியைத் திறந்தான். தினமும் இந்த நேரத்துக்கு அதில் ஒரு மின்னஞ்சல் வந்து கிடக்கும். படித்துவிட்டு மூடுவான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவான். லிஃப்ட் மெக்கானிக்.

அன்றைய மின்னஞ்சல் இது:

'அன்புள்ள ஆய்வாளரே! நீங்கள் எங்களிடம் வந்து 171 நாட்கள் ஆகின்றன. எங்களை மறந்துவிட்டீர்களா? 180 நாட்கள் வராதவரின் நூலகம் தானாகவே காலியாகிவிடும் என்பதை அன்புடன் நினைவூட்டுகிறோம். வாருங்கள், சேர்ந்து மேற்கோள் காட்டுவோம்! – மேற்கோள் பெட்டகம்.'

அடியில் ஓர் ஆந்தைப் படம். மூக்குக் கண்ணாடி போட்ட ஆந்தை. அது ஒரு கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

மனைவி இறந்து நூற்றெழுபது நாள் ஆகியிருந்தது. அதற்கு முந்தின நாள்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி பெட்டகத்துக்குள் போய், ஏதோ ஒரு கட்டுரையின் பக்க எண்ணைத் திருத்தியிருந்தாள். அதனால் அவன் நாள் எண்ண வேண்டிய அவசியமே வரவில்லை. பெட்டகம் எண்ணிச் சொன்னது. அவன் ஒன்றைக் கழித்துக்கொண்டான்.

பெட்டகம் என்பது பல்கலைக்கழகத்தின் இணையதளம். ஆராய்ச்சி செய்கிறவர்கள் தாங்கள் படித்த புத்தகம், கட்டுரை, எடுத்த பேட்டி எல்லாவற்றின் விவரத்தையும் அதில் சேர்த்துவைப்பார்கள், பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொள்வார்கள், மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வார்கள். ஆய்வேட்டின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலை அதுவே போட்டுக்கொடுக்கும். உபயோகமான சாமான்தான், திருப்புளி மாதிரி. ஆனால் ஒரு திருப்புளியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அதற்கு ஓர் இயக்குநரை நியமித்து, நான்கு மாடிக் கட்டடம் கட்டி, வருடத்தில் ஒரு நாளைத் திருப்புளி நாள் என்று அறிவித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

அவள் ஆறு வருடம் உழைத்து ஆய்வேட்டை முடித்திருந்தாள். 'காத்திருக்க வைக்கப்பட்டவர்கள்' என்று தலைப்பு. ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம், வங்கி, லிஃப்ட், இங்கெல்லாம் நிறுத்திவைக்கப்படும் மனிதர்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றியது. தேர்வாளர்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். இறந்தவருக்கும் பட்டம் உண்டு என்று விதியும் இருந்தது. ஒரே ஒரு தாள் பாக்கி: மேற்கோள் சான்றிதழ். அது வந்தால் ஆய்வேடு அவள் பெயரோடு நூலக அலமாரியில் ஏறும். வருவதற்குள் பெட்டகத்தில் அவள் சேர்த்தது காலியாகிவிட்டால், ஆதாரமற்றது என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார்கள்.

பெட்டகத்துக்குள் போகக் கணக்கின் உரிமையாளர் கேமராவுக்கு முகம் காட்ட வேண்டும். ஒரு தடவை அவன் சுவரிலிருந்த அவள் படத்தைக் கழற்றிக் காட்டிப் பார்த்தான். 'அருமை! இப்போது கண் சிமிட்டுங்கள்' என்றது பெட்டகம். அரை நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தான். 'நீங்கள் இன்னும் சிமிட்டவில்லை' என்றது. படத்தை எடுத்த இடத்திலேயே மாட்டினான்.

ஏழு பத்துக்கு மாமனார் போன் செய்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஏழு பத்து என்றால் ஏழு பத்துதான்.

"மாப்ளே, புத்தகம் அலமாரில ஏறிடுச்சா?"

"இல்ல மாமா."

"இன்னும் என்ன வேணுமாம்?"

"ஒரு சான்றிதழ். இன்னைக்குப் போய்ப் பாக்கறேன்."

"ஒரு பஸ்ஸை ரோட்டுல விடறதுக்கே மூணு சான்றிதழ்தான் கேப்பாங்க. அவ என்ன ஆளை ஏத்திக்கிட்டா போகப்போறா?" என்றார். பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

"ம்."

வைத்துவிட்டார்.

சான்றிதழ் கொடுக்கும் மேற்கோள் ஒழுங்கு மையம் நான்காவது மாடியில் இருந்தது. தரைத்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை: 'பழுது. விவரத்துக்குப் பார்க்க: அறிவிப்பு 17.' பதினேழாம் அறிவிப்பு இரண்டாம் மாடிச் சுவரில் இருந்தது: 'லிஃப்ட் தொடர்பாகப் பார்க்க: அறிவிப்பு 9.' ஒன்பதாம் அறிவிப்பு நான்காம் மாடியில், கழிப்பறைக்குப் பக்கத்தில்: 'முழு விவரம் தரைத்தளத்தில் லிஃப்ட் அருகே ஒட்டப்பட்டுள்ளது.' கழிப்பறைக் கதவில் 'இது கழிப்பறை எனக் கருதப்படுகிறது' என்று எழுதி, கீழே மூன்று ஆதாரங்கள் கொடுத்திருந்தார்கள். ஒன்றுகூடத் தேவையில்லை. மூன்றாம் மாடிப் படியிலேயே தெரிந்துவிட்டது.

லிஃப்டுக்கு என்ன கோளாறு என்பதை அவன் கீழே நின்றபோதே பார்த்துவிட்டான். கதவு மூட வந்து, எதிலோ முட்டி, திரும்பத் திரும்பத் திறந்துகொண்டது. கதவு ஓடும் பள்ளத்தில் ஒரு காகிதக் கவ்வி கிடந்தது. கதவு முழுசாக மூடாமல் எந்த லிஃப்டும் நகராது. குனிந்து எடுத்தால் தீர்ந்தது. அவன் குனியவில்லை. அந்தக் கட்டடம் அவன் கம்பெனியின் பொறுப்பில் இல்லை. அதுதான் காரணம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு படியேறினான்.

கவுண்டரில் டோக்கன் கொடுத்தார்கள். எண் எட்டு. அவனைத் தவிர அங்கே யாரும் இல்லை. முதல் ஏழு பேருக்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நாற்காலியின் மேலுறை கிழிந்து, உள்ளே இருந்த பஞ்சு ஈரமாக இருந்தது. எதனால் ஈரம் என்று அவன் யோசிக்கவில்லை. எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில்: 'யார் சொன்னது? எங்கே சொன்னது? எத்தனையாம் பக்கம்?'

எட்டாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். கவுண்டர் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனுடைய தாள்களைப் பார்த்தாள்.

"சான்றிதழ் குடுக்கணும்னா உரிமையாளர் நேர்ல வந்து சம்மதம் சொல்லணுமே."

"அவங்க இறந்துட்டாங்க."

"யார் சொன்னது?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. பேனாவால் சுவரைக் காட்டினாள். இறப்புச் சான்றிதழை நீட்டினான்.

"சரி. இது இறந்ததுக்கு ஆதாரம். சம்மதம் சொன்னதுக்கு?"

"செத்தவங்க எப்படிங்க சம்மதம் சொல்லுவாங்க?"

"அதைத்தானே சார் நானும் கேக்கறேன்," என்றாள் கவுண்டர் அம்மா, ஒருவழியாக இரண்டு பேரும் ஒத்துப்போனதில் சந்தோஷப்பட்டவளாக.

திரையை அவன் பக்கம் திருப்பினாள். மனைவியின் ஆய்வேட்டு மேற்கோள்கள் வரிசையாக நின்றன. மொத்தம் முந்நூற்று எண்பத்தெட்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஒன்றுக்கு மட்டும் சிவப்பு.

"இந்த 213தான் இடிக்குது. இது பச்சையானா உரிமையாளர் சம்மதம் இல்லாமலே விட்டுடலாம்னு விதி இருக்கு. சிவப்பு இருக்கிற வரைக்கும் முடியாது."

அவன் குனிந்து படித்தான்.

'213. கணவர், லிஃப்ட் மெக்கானிக். நேர்ப்பேச்சு. வீட்டுச் சமையலறை. "லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் போனைப் பார்ப்பார்கள், பிறகு மேலே பார்ப்பார்கள், கடைசியில்தான் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள்."'

சொன்னது ஞாபகம் இருந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னான். அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டு ஓடிப்போய் எழுதிக்கொண்டு வந்தாள். "என் பேரையெல்லாம் எதுக்குப் போடற?" என்று கேட்டான். "நீ சொன்னதை நான் சொன்ன மாதிரி எழுதினா அது திருட்டுப்பா," என்றாள்.

"இயக்குநரைப் பாக்கலாமா? இருக்காரா?"

"இருக்காருன்னு வருகைப் பதிவேடு சொல்லுது," என்றாள் கவுண்டர் அம்மா. "நான் சொல்லல."

மறுநாள் பாணி அலுவலர் கூப்பிட்டனுப்பினார். மேற்கோளில் எது முதலில் வர வேண்டும், எது சாய்ந்த எழுத்தில் வர வேண்டும், எங்கே புள்ளி வைக்க வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்வது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதையே செய்கிறார். மேசையில் பிஸ்கட் பொட்டலம் திறந்து கிடந்தது. விரலை நக்கிப் பக்கம் புரட்டினார். அதே விரலால் விசைப்பலகையைத் தட்டினார். விசைகளின் இடுக்கெல்லாம் பிஸ்கட் தூள் ஊறிப் பசையாகியிருந்தது. அதே விரலால் ஒரு பிஸ்கட்டை எடுத்து அவனிடமும் நீட்டினார். வேண்டாம் என்றான்.

"உலகத்துல ஒன்பதாயிரம் மேற்கோள் பாணி இருக்கு சார். ஒண்ணும் சரியில்ல. அதான் நாங்க ஒன்பதாயிரத்து ஒண்ணாவதை உண்டாக்கினோம். இப்ப அதுலயும் ரெண்டு கட்சி ஆயிடுச்சு. எதிர் ரூம்காரர் என்கூடப் பேசறதில்ல. அவர் ஆண்டை முன்னாடி போடறார்," என்றார், அந்த மனிதர் பெண்டாட்டியை அடிக்கிறார் என்று சொல்வதுபோல. "சரி, வேலைக்கு வருவோம். நேர்ப்பேச்சுன்னா ரெண்டு பேர் வேணும். சொன்னது நீங்கதானே?"

"ஆமா."

"அவங்க கேட்டாங்களா?"

"கேட்டதாலதானே எழுதினா."

"அது எழுதினதுக்கு ஆதாரம். கேட்டதுக்கு?"

அவன் யோசித்தான். "வெங்காயம் நறுக்கிக்கிட்டே சொன்னேன். தலையாட்டினா."

பாணி அலுவலர் இரண்டு விரலால் தட்டச்சு செய்தார். நிறுத்தினார். "வெங்காயத்தைச் சாட்சியா போட முடியாது சார். அழுகிப்போற பொருள்."

"நான் போடச் சொல்லலீங்க."

"வெளியிட்ட இடம் சமையலறைன்னு இருக்கு. சமையலறைக்குத் தலைமையகம் எது?"

"வீடு."

"வீட்டோட பதிவு எண்?"

"சார், இது எங்க வேலையில எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அந்த ஒரு மேற்கோளையே எடுத்துடுங்களேன்."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னா எடுத்துடலாம்தான்," என்றார் அவர் பிரகாசமாக. "எடுக்கணும்னா உரிமையாளர் சம்மதம் வேணும்."

அவன் எழுந்தான். பாணி அலுவலருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "ஒரு வழி சொல்றேன். இதையே நீங்க ஒரு பத்திரிகையில கட்டுரையா எழுதுங்க. யாராவது உங்களை மேற்கோள் காட்டட்டும். அவரை இன்னொருத்தர் காட்டட்டும். மூணு வருசத்துல தானா பச்சையாயிடும்."

"எட்டு நாள்தான் சார் இருக்கு."

"அப்ப கஷ்டம்." இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார். "ரொம்ப வருத்தமா இருக்கு சார். வருத்தத்துக்கு ஒரு படிவம் உண்டு, கவுண்டர்ல கேளுங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

நூற்று எழுபத்துநான்காம் நாள் நெறியாளரைப் பார்க்கப் போனான். அவளுடைய ஆய்வை மேற்பார்வை பார்த்தவர். இழவுக்கு வந்திருந்தார். அன்றைக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். "ஒண்ணும் பெருசா இல்ல சார்," என்றான் அவன். அப்போதும் அவர் கை ஈரமாக இருந்தது. இப்போதும் ஈரமாக இருந்தது. அந்தக் கையை அவன் தோளில் வைத்து அழுத்தி உட்காரவைத்தார். அறை முழுக்கச் செயற்கை மல்லிகை வாசனை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சுவரிலிருந்த டப்பா தானாகப் பீய்ச்சியது.

"கவலையே படாதீங்க தம்பி. அவங்க உழைப்பு வீண் போகல. இங்க பாருங்க." திரையில் ஒரு கோப்புறையைத் திறந்தார். அவள் ஆறு வருடம் சேர்த்தது. அவள் எழுதிய குறிப்புகள் அப்படியே இருந்தன. ஒன்றைப் படித்தான்: 'இந்த ஆள் வாழ்க்கையில் ஒரு நாளும் வரிசையில் நின்றதில்லை. எழுத்திலேயே தெரிகிறது.' அவள் பேசுவதுபோலவே இருந்தது. கீழே சிறிய எழுத்தில்: 'குறிப்பும் பகிர்வும்: நெறியாளர். பயன்படுத்துவோர்: 61.'

"அந்தக் குறிப்பைப் போன வாரம் வகுப்புல படிச்சேன்," என்றார் நெறியாளர். "பசங்க கை தட்டினாங்க. என்ன நகைச்சுவை உணர்வு சார் உங்களுக்குன்னாங்க."

"இது அவ எழுதினது."

"யார் இல்லைன்னது? பெட்டகத்துல 'ஒன்றாக்கு'ன்னு ஒரு பொத்தான் இருக்கு தம்பி. ஒரே மாதிரி ரெண்டு பதிவு இருந்தா ஒண்ணை வெச்சுக்கிட்டு இன்னொண்ணை எடுத்துடும். யார் கணக்கு உயிரோட இருக்கோ அவங்க பேர்ல நிக்கும். நான் ஒரே ஒரு தடவைதான் அமுக்கினேன். அவங்க எழுதின ரெண்டு கட்டுரையும் என் பேருக்கு வந்துடுச்சு. நானா எடுத்தேன்? இயந்திரத்துக்குக் கெட்ட புத்தி கிடையாதே."

"திருப்பி மாத்த முடியாதா?"

"உரிமையாளர் சம்மதம் வேணும்," என்றார் நெறியாளர்.

டப்பா மல்லிகையைப் பீய்ச்சியது. அவன் வெளியே வந்து படிக்கட்டில் நின்றான். வாந்தி வரும் என்று நினைத்தான். வரவில்லை. இந்த ஆறு மாதத்தில் எதுவும் முழுசாக வரவில்லை.

நூற்று எழுபத்தொன்பதாம் நாள் மையத்தில் 'மேற்கோள் பகிர்வு நாள்'. குடும்பத்தாருக்கு அழைப்பு வந்திருந்தது. 'மறைந்த ஆய்வாளருக்குச் சிறப்புச் செய்யப்படும்' என்று போட்டிருந்தார்கள். மாமனார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். முப்பது வருடம் கிளச் மிதித்த இடது முழங்கால். படிகளைப் பார்த்துவிட்டு நின்றார்.

"நாலு மாடியா? லிஃப்ட் இல்லியா?"

"இருக்கு மாமா. இருங்க."

அவன் லிஃப்டிடம் போய்க் குனிந்தான். காகிதக் கவ்வி கையில் வந்துவிட்டது. ஆனால் அவன் நிமிரவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்தபடி அப்படியே இருந்தான்.

"என்ன மாப்ளே, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?"

"இல்ல மாமா."

நிமிர்ந்தான். கதவு மூடியது. லிஃப்ட் ஏறியது. நான்காம் மாடியில் கதவு திறந்ததும், படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஊழியர்கள் பேயைக் கண்டதுபோல நின்றார்கள்.

"இது வேலை செய்யாதே!" என்றார் பாணி அலுவலர்.

"செஞ்சுதே," என்றார் மாமனார்.

"எங்க சொல்லியிருக்கு?"

"என்னய்யா, நான் அதுலதானே வந்தேன்!"

"நீங்க வந்தது தனிப்பட்ட அனுபவம் ஐயா. அறிவிப்புல பழுதுன்னுதான் இருக்கு." அன்று முழுவதும் லிஃப்ட் வெறுமனே மேலும் கீழும் போய்வந்தது. கர்ப்பிணியான ஓர் ஊழியர்கூடப் படியில்தான் இறங்கிப் போனார்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரியா மாப்ளே இது?" என்று மாமனார் காதோடு கேட்டார்.

கூடத்தில் பெரிய திரை. அதில் அவள் படம். பெட்டகத்திலிருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிசாக்கியிருந்தார்கள். முகம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது. மூலையில் ஆந்தை கண்ணடித்துக்கொண்டிருந்தது.

இயக்குநர் பேசினார். ஒலிவாங்கியை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் ஆள். ஒவ்வொரு சொல்லும் எச்சிலோடு வந்து அரங்கில் விழுந்தது.

"நண்பர்களே! படிக்கறதை எல்லாரும் செய்யலாம். பட்டியல் போடறவன்தான் அறிஞன். மனசைத் தொட்டுச் சொல்றேன், இருபத்தாறு வருசமா நான் ஒரு புத்தகத்தைக்கூட முழுசாப் படிச்சதில்ல. எங்க நேரம்? ஆனா என் பெட்டகத்துல பதினாலாயிரம் புத்தகம் இருக்கு! அத்தனையும் பகிர்ந்திருக்கேன். வாங்கினவங்களும் படிக்கல, மத்தவங்களுக்குப் பகிர்ந்திருக்காங்க. அறிவு இப்படித்தான் பரவுது!"

கைதட்டினார்கள்.

"ஒரு பொண்ணு. நம்ம பொண்ணு. உயிர் போற நேரம். பக்கத்துல புருஷன் நிக்கறார். அப்ப அந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சு? தண்ணி கேட்டுச்சா? டாக்டரைக் கேட்டுச்சா? இல்ல! 'என் மேற்கோள்கள் எல்லாத்தையும் பெட்டகத்துக்கிட்ட ஒப்படைக்கிறேன்'னு சொல்லிட்டுக் கண்ணை மூடிச்சு. நெறியாளர் சொன்னார், கேட்டு நான் அழுதேன். நீங்களும் அழலாம்."

நெறியாளர் முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமனார் அவன் பக்கம் திரும்பினார். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே, எல்லோர் கண்முன்னாலும், இயக்குநர் சொன்ன வாக்கியம் பெட்டகத்தில் பதிவானது: 'மறைந்த ஆய்வாளர். நேர்ப்பேச்சு. சொன்னவர்: இயக்குநர்.' பக்கத்தில் பச்சைப் புள்ளி உடனே எரிந்தது. டீ கொடுத்து முடிப்பதற்குள் பதினான்கு பேர் அதை மேற்கோள் காட்டிவிட்டதாக அறிவிப்பு வந்தது.

விழா முடிந்ததும் கவுண்டர் அம்மா கையசைத்துக் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. இந்தத் தடவை டோக்கன்கூடக் கேட்கவில்லை.

"சார், உங்க பிரச்சினை தீர்ந்துடுச்சு! இயக்குநர் பதிஞ்சாரில்ல, ஒப்படைக்கிறேன்னு அவங்க சொன்னது? அதுவே உரிமையாளர் சம்மதம் ஆயிடும். 213 பச்சையாயிடும். சான்றிதழ் இப்பவே அச்சாகி வந்துடும். அவங்க சொன்னப்ப பக்கத்துல இருந்தவர்ங்கற முறையில நீங்க ஒரே ஒரு தடவை அமுக்கினா போதும்."

விசைப்பலகையை ஜன்னல் வழியாக அவன் பக்கம் தள்ளினாள். திரையில் கேள்வி நின்றது.

'அவர் கடைசியாகச் சொன்னது: "என் மேற்கோள்கள் எல்லாவற்றையும் பெட்டகத்திடம் ஒப்படைக்கிறேன்." இது சரியா?'

கீழே இரண்டு பொத்தான்கள். 'உறுதி செய்க.' 'திருத்துக.'

"திருத்துனா என்ன ஆகும்?" என்று கேட்டான்.

"ஐயோ, அதை ஏன் சார் தொடறீங்க? திருத்துனா அந்தப் பதிவும் சிவப்பாயிடும். குழுவுக்குப் போகும். குழு அடுத்த மாசம்தான் கூடும். நாளையோட நூத்தி எண்பது நாள். அப்புறம் பெட்டகத்துல ஒண்ணும் இருக்காது. ஆய்வேடு திரும்பி வந்துடும்." குரலைத் தாழ்த்தினாள். முதல் தடவையாக ஆதாரம் எதையும் காட்டாமல் பேசினாள்: "அமுக்கிட்டுப் போங்க சார். ஒரு வரிதானே."

மாமனார் கவுண்டரில் கையூன்றி, கண்ணைச் சுருக்கித் திரையில் இருந்ததை மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஒப்படைக்கிறேன்..." என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பல்லிடுக்கில் மாட்டிய எதையோ நாக்கால் தேடுவதுபோல.

"அவ இப்படியா மாப்ளே பேசுவா?"

அவன் விசைப்பலகையைப் பார்த்தான்.

"சின்ன வயசுல பஸ்ஸை நான் லேட்டா எடுத்தா நேரா டிப்போ மேனேஜர்கிட்டயே போய்ச் சொல்லுவா. பெத்த அப்பன்னுகூடப் பாக்க மாட்டா." நிறுத்தினார். "வீட்ல அவ புத்தகம் நாலு பிரதி இருக்குல்ல?"

"இருக்கு மாமா. பீரோவுல."

"அப்புறம் என்ன."

பின்னால் லிஃப்ட் வந்து, திறந்து, யாரையும் ஏற்றிக்கொள்ளாமல் மூடி, இறங்கியது.

"என்ன சொன்னா?" என்றார் மாமனார். ஆறு மாதத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

ஆஸ்பத்திரி லிஃப்ட். இரண்டாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்கு, தள்ளுகட்டிலில். கதவு மூட வந்து முட்டித் திறந்துகொண்டே இருந்தது. நர்ஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரையோ கூப்பிட வேண்டியிருந்தது. அப்போதுதான் மனைவி மூக்கிலிருந்த முகமூடியை விலக்கிவிட்டுப் பேசினாள். அவன் குனிந்தான். பள்ளத்தில் ஊசியின் நீல மூடி ஒன்று கிடந்தது. எடுத்தான். கதவு மூடியது. ஐந்தாம் மாடி வரைக்கும் மேலே மாறிய எண்களையே பார்த்துக்கொண்டு வந்தான். கடைசியில்தான் பக்கத்தில் பார்த்தான்.

கவுண்டர் அம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தாள். அவன் 'திருத்துக' என்பதை அழுத்தினான். கட்டம் காலியாகத் திறந்தது. ஒரு விரலால், எழுத்து எழுத்தாகத் தட்டினான்.

"என்னமோ மாட்டியிருக்கு. நீதானேப்பா மெக்கானிக், குனிஞ்சு பாரு."